படர்தாமரையும் பாதி மருந்தும்

மழைக்காலத்தில் ரொட்டியை இரண்டு மூன்று நாள் வெளியே வைத்துப் பாருங்கள். அதன் மேல் பஞ்சு போல ஒன்று படரும். சில நேரம் பச்சையாக இருக்கும். சில நேரம் வெள்ளையாக இருக்கும். ஈரக் கை பட்ட ஊறுகாயிலும் அது வரும். அதைப் பூசணம் என்கிறோம். பூஞ்சை என்றும் சொல்வார்கள்.

பூஞ்சையில் பல ஆயிரம் வகை உண்டு. நாம் சமைத்துச் சாப்பிடும் காளானும் ஒரு பூஞ்சைதான். சில பூஞ்சைகள் மனிதரின் தோலில் வளரும். அவற்றால் வருவதுதான் படர்தாமரை.

வட இந்தியாவில் இதை 'தாத்' என்பார்கள். ஆங்கிலப் பெயரில் 'புழு' என்ற சொல் இருக்கிறது. ஆனால் இதில் புழு எதுவும் இல்லை. ரத்தம் கெட்டுப் போனதாலும் இது வருவதில்லை. யாருடைய சாபமும் இல்லை. இது ஒரு தொற்றுநோய். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டும். சரியான மருந்தால் குணமாகும்.

எப்படி அடையாளம் காண்பது?

முதலில் தோலில் ஒரு சிறிய சிவப்புப் பொட்டு வரும். அரிக்கும். பிறகு அது வட்டமாகப் பெருகும். ஓரம் தடித்து, செதில் செதிலாக இருக்கும். நடுவில் தோல் தெளிந்தது போலத் தெரியும்.

ஏன் வட்டமாக வருகிறது? நம் தோலின் மேல் அடுக்கில் கெரட்டின் என்ற பொருள் இருக்கிறது. முடியிலும் நகத்திலும் அது உண்டு. அதுதான் இந்தப் பூஞ்சைக்கு உணவு. ஓர் இடத்தில் தொடங்கும் பூஞ்சை, உணவு தேடி நாலா பக்கமும் வெளியே நகரும். அதனால் வளையம் உண்டாகிறது.

வியர்வை தங்கும் இடம் இதற்குப் பிடிக்கும். தொடையிடுக்கு, இடுப்பு, அக்குள், மார்புக்குக் கீழ், கால்விரல் இடுக்கு ஆகிய இடங்களில் அதிகம் வரும். குழந்தைகளுக்குத் தலையிலும் வரும். அந்த இடத்தில் முடி கொட்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். தோலில் வரும் எல்லாத் தேமலும் படர்தாமரை அல்ல. நிறம் மாறிய இடத்தில் உணர்ச்சி இல்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கும் மருந்து உண்டு. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

கடையில் வாங்கிய களிம்பு

இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

கணவர் கட்டட வேலை செய்கிறார். அவருக்குத் தொடையில் படர்தாமரை வந்தது. வெளியே சொல்ல வெட்கம். மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் மருந்துக்கடைக்குப் போனார்.

"அண்ணே, அரிப்பு தாங்க முடியலை. ஏதாவது குடுங்க" என்றார்.

"இந்தக் களிம்பைப் போடுங்க. ரெண்டே நாள்ல அடங்கிடும்" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னபடியே நடந்தது. இரண்டு நாளில் அரிப்பு நின்றது. ஒரு வாரத்தில் சிவப்பும் மறைந்தது. களிம்பு பூசுவதை நிறுத்திவிட்டார்.

பத்து நாள் கழித்து அரிப்பு திரும்ப வந்தது. இந்த முறை வட்டம் பெரிதாக இருந்தது. அதே களிம்பை மறுபடியும் வாங்கினார். இப்படியே நான்கு மாதம் போனது. மனைவிக்கும் வந்தது. குழந்தைக்கும் வந்தது. கணவரின் தொடையில் தோல் மெலிந்து, கோடு கோடாகத் தழும்பு விழுந்தது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. நாடு முழுவதும் தோல் மருத்துவர்களிடம் வருகிறவர்களில் பலர் இப்படித்தான் வருகிறார்கள்.

களிம்பில் இருந்தது என்ன?

அந்தக் குழாயில் ஒரே மருந்து இல்லை. இரண்டு மூன்று மருந்துகள் கலந்திருந்தன. அதில் ஒன்று ஸ்டீராய்டு.

படர்தாமரையில் அரிப்பும் சிவப்பும் ஏன் வருகின்றன? நம் உடல் பூஞ்சையோடு சண்டை போடுகிறது. அதனால் வருகின்றன. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை அடக்கிவிடும். பூஞ்சையைக் கொல்லாது.

வீட்டுக்குள் திருடன் வருகிறான். நாய் குரைக்கிறது. நாயின் வாயைக் கட்டிவிட்டால் சத்தம் நின்றுவிடும். ஆனால் திருடன் போய்விட்டானா? ஸ்டீராய்டு நாயின் வாயைக் கட்டுகிறது. அதன் பிறகு பூஞ்சை பயம் இல்லாமல் வளர்கிறது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. வேறு சில தோல் நோய்களுக்கு அது தேவை. ஆனால் படர்தாமரைக்கு அது உதவாது. நோயை மறைத்துப் பரவ வைக்கும்.

2018-ஆம் ஆண்டு மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. தோலில் பூசும் 14 வகை ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதே அந்த உத்தரவு. ஆனால் உத்தரவு மட்டும் போதாது. வாங்குகிற நாமும் கேட்க வேண்டும்.

எழுத்துக் கூட்டிப் படியுங்கள்

இதோ இரண்டு பெயர்கள்:

குளோட்ரிமசோல்
குளோபெட்டசால்

கேட்பதற்கு ஒன்று போல இருக்கின்றன. ஆனால் முதல் பெயர் பூஞ்சையை அடக்கும் மருந்து. இரண்டாவது பெயர் வலுவான ஸ்டீராய்டு. பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் ஆகியவையும் ஸ்டீராய்டுகளே.

குழாயில் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். "இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

மருந்து வந்த கதை

1840-களில் பாரிஸ் நகரில் டேவிட் க்ருபி என்ற மருத்துவர் இருந்தார். தலையில் படை வந்தவர்களின் செதிலை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். அதில் நூல் நூலாகப் பூஞ்சை தெரிந்தது. அந்தப் பூஞ்சையை நல்ல தோலில் வைத்தார். அங்கேயும் நோய் வந்தது. கண்ணுக்குத் தெரியாத உயிர்களால் நோய் வரும் என்பதைப் பலரும் நம்பாத காலம் அது.

காரணம் தெரிந்தது. ஆனால் நல்ல மருந்து கிடைக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. தலையில் வந்த படர்தாமரைக்கு ஒரு காலத்தில் எக்ஸ்ரே கதிரைக் காட்டினார்கள். முடி உதிரும். அதோடு பூஞ்சையும் போகும். 1950-களில் இஸ்ரேல் நாட்டில் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு இப்படிச் செய்தார்கள். பின்னாளில் அவர்களில் சிலருக்கு மூளையிலும் தைராய்டு சுரப்பியிலும் கட்டி வந்தது. மற்றவர்களைவிட அவர்களுக்கு அது அதிகமாக வந்தது.

இந்தக் கொடுமைக்கு முடிவு கட்டியது ஒரு மாத்திரை. 1939-இல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் ஒரு பூசணத்திலிருந்து கிரிசியோஃபுல்வின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1958-இல் ஜென்டில்ஸ் என்ற ஆய்வாளர், படர்தாமரை வந்த கினிப்பன்றிகளுக்கு அதை உண்ணக் கொடுத்தார். நோய் குணமானது. பிறகு மனிதருக்கும் கொடுத்தார்கள். ஒரு பூசணம் தந்த பொருளே இன்னொரு பூசணத்துக்கு மருந்தானது!

1991-இல் டெர்பினாஃபின் என்ற மருந்து ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. அது எப்படி வேலை செய்கிறது? பூஞ்சை தன் உடலைச் சுற்றி வேலி கட்ட எர்கோஸ்டெரால் என்ற பொருளைத் தயாரிக்கிறது. அதைத் தயாரிக்கப் பூஞ்சைக்குள் ஒரு கருவி உண்டு. டெர்பினாஃபின் அந்தக் கருவியில் போய் ஒட்டிக்கொள்ளும். கருவி நின்றுவிடும். வேலி கெட்டு, பூஞ்சை சாகும். மனித உடல் எர்கோஸ்டெராலைத் தயாரிப்பதில்லை.

மருந்துக்கு அடங்காத பூஞ்சை

பல ஆண்டுகள் இந்த மருந்து நன்றாக வேலை செய்தது. பிறகு இந்தியாவில் நிலைமை மாறியது. இரண்டு வாரத்தில் குணமான நோய் மாதக்கணக்கில் நீடித்தது. ஒரே வீட்டில் எல்லோருக்கும் வந்தது.

டெல்லியிலும் சண்டிகரிலும் உள்ள ஆய்வாளர்கள் நோயாளிகளின் செதிலிலிருந்து பூஞ்சையை வளர்த்துச் சோதித்தார்கள். 2018-இல் முடிவுகள் வெளிவந்தன. சில பூஞ்சைகளில் அந்தக் கருவியின் வடிவமே சற்று மாறியிருந்தது. பூட்டு மாறிவிட்டால் பழைய சாவி சேராது அல்லவா? அதுபோல மருந்து அதில் ஒட்டவில்லை.

2020-இல் ஜப்பான் ஆய்வாளர்கள் இதைத் தனி இனம் என்று சொல்லிப் பெயர் வைத்தார்கள். டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்பது அதன் பெயர். அதில் நம் நாட்டின் பெயரும் சேர்ந்திருக்கிறது. 2023-இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் இரண்டு பெண்களுக்கு இந்த நோய் வந்ததாக அறிவித்தார்கள். அந்த நாட்டில் அதுவே முதல் அறிவிப்பு. ஒருவர் வங்கதேசம் போய் வந்தவர். மற்றவர் வெளிநாடு எங்கும் போகாதவர்.

இப்படி ஆனதற்கு என்ன காரணம்? ஸ்டீராய்டு கலந்த களிம்புகளும், பாதியில் நிறுத்தும் மருந்தும் முக்கியக் காரணங்கள் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். மருந்தைப் பாதியில் நிறுத்தினால் வலுவில்லாத பூஞ்சை சாகும். வலுவான பூஞ்சை தப்பிக்கும். தப்பித்தது பெருகும். அடுத்தவருக்கு ஒட்டுவதும் அதுதான்.

பூஞ்சைக்கு எதிரான மருந்துகள் குறைவு. இருக்கிற மருந்துகளும் பலிக்காமல் போனால் வேறு எங்கே போவது?

என்ன செய்ய வேண்டும்?

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கும். வெட்கப்பட வேண்டாம். சந்தேகம் இருந்தால் செதிலைச் சுரண்டி, ஒரு திரவம் விட்டு, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இது எளிய சோதனை. வலிக்காது.

களிம்பை வட்டத்தின் மேல் மட்டும் பூசினால் போதாது. ஓரத்துக்கு வெளியே ஒரு கட்டைவிரல் அகலம் வரை பூச வேண்டும். பூஞ்சை அங்கேயும் போயிருக்கும்.

மருத்துவர் சொன்ன நாள் முழுவதும் மருந்து போடுங்கள். சில வாரங்கள் ஆகும். பழைய நோய் என்றால் இன்னும் அதிகம் ஆகும். தோல் தெளிந்த பிறகும் சில நாள் தொடர வேண்டியிருக்கும். அரிப்பு நின்ற நாள் நோய் தீர்ந்த நாள் அல்ல.

மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். கர்ப்பிணிகளும், ஈரல் நோய் உள்ளவர்களும் அதை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். குழந்தையின் தலையில் வந்தால் களிம்பு மட்டும் போதாது. மாத்திரையோ திரவ மருந்தோ தேவைப்படும்.

வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ, அவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சுற்றிச் சுற்றி வரும்.

துண்டு, சோப்பு, உள்ளாடை, சீப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக வையுங்கள். நோய் உள்ளவரின் துணியை வெந்நீரில் துவையுங்கள். உட்புறத்தை வெளியே திருப்பி வெயிலில் காய வையுங்கள். ஈரத் துணியை உடுத்தாதீர்கள். குளித்ததும் இடுக்குகளைத் துடைத்து உலர வையுங்கள். அரைஞாண் கயிறு வியர்வையில் ஊறியே இருக்கும். பூஞ்சை அதிலும் தங்கும். நோய் தீரும் வரை அதைக் கழற்றி வைப்பது நல்லது.

பூனை, நாய், கன்றுக்குட்டி ஆகியவற்றிடமிருந்தும் படர்தாமரை வரலாம். அவற்றுக்கு முடி கொட்டி வட்டம் தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நினைவில் கொள்வோம்

படர்தாமரை பூஞ்சையால் வருகிறது.
ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும். பூஞ்சையை வளர்க்கும்.
முழு மருந்து நோயைத் தீர்க்கும். பாதி மருந்து பூஞ்சைக்குப் பலம் சேர்க்கும்.
ஒருவருக்கு வந்தால் வீடு முழுவதும் பார்க்க வேண்டும்.

பேசுவோம், எழுதுவோம்

1. படர்தாமரை ஏன் வளையமாக வருகிறது?
2. அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும்?
3. கிரிசியோஃபுல்வின் எதிலிருந்து கிடைத்தது?
4. உங்கள் வீட்டில் இருக்கும் களிம்புக் குழாய்களை எடுத்து வாருங்கள். அவற்றின் பெயர்களை வாசிக்கச் செய்து தமிழில் எழுதுங்கள். அவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று சுகாதாரச் செவிலியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.