மட்டு மதிப்பு: பயம் வேண்டாம் நண்பர்களே!

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். கணக்கில் சந்தேகம் வந்தால் கேட்க வீட்டில் ஆளில்லை. முதலாம் ஆண்டில் இரண்டே மார்க்கில் அரியர் விழுந்தது. விட்ட மார்க் மாடுலஸ் கணக்கில்! அந்தத் தப்பை நீங்களும் செய்யக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

மாடுலஸ் எனும் மட்டு மதிப்பு வேறொன்றுமில்லை, பூஜ்ஜியத்திலிருந்து உள்ள தூரம்தான். |5| என்றாலும் 5, |−5| என்றாலும் 5.

எங்கள் ஊர் புதுச்சத்திரம் பக்கம். ஊரை எண்கோட்டில் 0 என்று வையுங்கள். கடலூர்ப் பக்கம் குறை எண்கள், சிதம்பரம் பக்கம் மிகை எண்கள். அப்பா கொத்தனார். அவர் வேலை செய்யும் இடத்தை 'இ' என்போம்.

வேலை 5 கி.மீ.க்குள் என்றால்:
|இ| ≤ 5
−5 ≤ இ ≤ 5
எண்கோட்டில் −5, 5 இரண்டிலும் நிரப்பிய வட்டம் போட்டு, நடுப்பகுதியைத் தடித்த கோடாக்க வேண்டும். சமக்குறி இல்லாமல் '<' மட்டும் வந்தால் வெற்று வட்டம்.

வேலை 5 கி.மீ.க்கு மேல் என்றால் |இ| > 5. இங்கேதான் 5 < இ < −5 என்று எழுதிக் கோட்டை விட்டேன். அரியர் விஷயத்தை அப்பாவிடம் இப்படி விளக்கிச் சொன்னபோது, "ஒரே நேரத்துல கடலூர்லயும் சிதம்பரத்துலயும் நான் எப்படிடா சாரத்துல நிக்க முடியும்?" என்று சிரித்தார். விடை அதுதானே!
இ < −5 அல்லது இ > 5
இரண்டு வெற்று வட்டங்கள். அவற்றிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டு அம்புகள். நடுவில் ஒன்றும் கிடையாது.

இப்போது தேர்வுக் கணக்கு: |2இ − 3| ≤ 7
−7 ≤ 2இ − 3 ≤ 7
மூன்று இடத்திலும் 3 கூட்ட: −4 ≤ 2இ ≤ 10
2-ஆல் வகுக்க: −2 ≤ இ ≤ 5
சரிபார்ப்போம். இ = 6 என்றால் |9| = 9. இது 7-ஐத் தாண்டுகிறது. ஆகவே 6 வெளியேதான். குறை எண்ணால் வகுக்க நேர்ந்தால் மட்டும் அசமன்பாட்டுக் குறிகளைத் திருப்ப மறக்காதீர்கள்.

|இ + 4| < −3 என்று கேட்டால் பயப்படாதீர்கள். தூரம் குறை எண் ஆகாது, தீர்வே இல்லை.

லேத்தில் விட்டம் 25 ± 0.1 மி.மீ. என்பதும் இதே கணக்குதான். விட்டத்தை 'வி' என்றால் |வி − 25| ≤ 0.1. அதாவது 24.9 முதல் 25.1 வரை ஜாப் பாஸ்.

அடுத்த தேர்விலும் இந்தக் கேள்வி வந்தது. முதலில் எண்கோட்டை வரைந்தேன், பிறகு விடை எழுதினேன். நானும் பாஸ்! நீங்களும் வரைந்து பாருங்கள் நண்பர்களே.