பிளஸ் டூ: பரீட்சைக்கு முன்னும் பின்னும்

● ஹால் டிக்கெட்டை ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் ஒன்று வையுங்கள். பரீட்சைக்குப் புதுப் பேனா வேண்டாம். எழுதிப் பழகியதே கைக்கு வாகு.

● முதல் 15 நிமிடங்களில் 10 நிமிடம் வினாத்தாள் வாசிக்க, 5 நிமிடம் விடைத்தாள் விவரங்களைச் சரிபார்க்க. வாசிக்கும்போதே சாய்ஸில் விடுவது எது, கட்டாய வினா எது என்று முடிவு செய்துவிடுங்கள்.

● காலையில் இட்லி, இடியாப்பம் போதும். பூரி, பொங்கல் கண்ணைச் சொக்க வைக்கும்.

● எழுதி முடித்த பேப்பருக்கு மார்க் கூட்டிப் பார்க்காதீர்கள். அடுத்த பாடத்தைப் புரட்டுங்கள்.

● கடைசித் தேர்வு முடிந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போங்கள். வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி சான்றிதழ்களுக்கு விண்ணப்பியுங்கள். ரிசல்ட் வந்தபின் கூட்டம் அலைமோதும். ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

● பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ரிசல்ட் வந்ததும் நீங்களே கணக்குப் போடலாம்.

● லீவில் முதல் வாரம் நன்றாகத் தூங்குங்கள். பிறகு டைப்ரைட்டிங், நீச்சல் என ஏதேனும் ஒன்றில் சேருங்கள். 18 வயது நிரம்பியவர்கள் எல்எல்ஆர் போட்டுவிடலாம்.