ரியாக்ட், ஆங்குலர், வியூ: எந்த வகுப்புக்குக் கட்டணம் கட்டுவது?

 

கல்வி உதவி கேட்டு நம் டிரஸ்ட்டுக்கு வரும் மனுக்களில், கல்லூரிக் கட்டணத்துக்கு அடுத்தபடியாக இப்போது கம்ப்யூட்டர் பயிற்சி வகுப்புக்கான மனுக்களே அதிகம். ஒருவர் ரியாக்ட் படிக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் ஆங்குலர் என்கிறார். மூன்றாமவர் ஃபுல் ஸ்டாக் என்று மட்டும் எழுதிவிட்டுத் தொகையை நிரப்பியிருக்கிறார். பெற்றோருக்கு இந்தப் பெயர்கள் விளங்குவதில்லை. மனுவைப் பரிசீலிக்கும் கமிட்டி உறுப்பினர்களிலும் பலருக்கு விளங்குவதில்லை. இங்கே செலவாவது ஜமாஅத்தார் நம்பிக் கொடுத்த பணம். அது அமானிதம். எனவே எதற்குக் கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டே கொடுக்க வேண்டும். இந்த இதழின் கல்விப் பாடத்தை அதற்காகவே ஒதுக்கியிருக்கிறோம்.

ஒற்றைப் பக்கச் செயலி என்றால் என்ன?

பழைய முறை இணையதளத்தில் ஒவ்வொரு முறை நீங்கள் எதையாவது அழுத்தும்போதும் சர்வரிலிருந்து முழுப் பக்கமும் புதிதாக வந்து இறங்கும். திரை ஒரு கணம் வெள்ளையாகி மீண்டும் நிரம்பும். ஒற்றைப் பக்கச் செயலியில் அப்படி இல்லை. முதல் தடவை பக்கத்தோடு ஒரு நிரலும் உங்கள் பிரவுசருக்கு வந்துவிடும். அதன் பிறகு சர்வரிலிருந்து பெரும்பாலும் தகவல் மட்டுமே வரும். திரையை மாற்றி எழுதும் வேலையை அந்த நிரலே பார்த்துக்கொள்ளும். 2004-ல் வந்த ஜிமெயில் இந்த முறையை உலகுக்குப் பழக்கியது. நம் வீடுகளில் எல்லோரும் திறந்து பார்த்த உதாரணம் ஐ.ஆர்.சி.டி.சி.யின் ரயில் முன்பதிவுத் தளம். தேதியை மாற்றித் தேடினால் ரயில் பட்டியல் மட்டும் மாறுகிறது, பக்கம் அப்படியே நிற்கிறது. அந்தத் தளம் ஆங்குலரில் கட்டப்பட்டது.

இந்த நிரல் எழுதப்படும் மொழியின் பெயர் ஜாவாஸ்கிரிப்ட். 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் அதை உருவாக்கினார். ரியாக்ட், ஆங்குலர், வியூ ஆகியவை தனி மொழிகள் அல்ல. ஜாவாஸ்கிரிப்ட்டில் வேலையை ஒழுங்காகவும் விரைவாகவும் செய்வதற்காக அமைத்துத் தரப்பட்ட சட்டகங்கள். இவற்றையே ஃபிரேம்வொர்க் என்கிறார்கள். பாடத்தின் மற்ற பகுதியெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

சட்டகம் எதற்குத் தேவைப்படுகிறது?

நம் டிரஸ்ட்டின் உதவித்தொகை மனுக்களையே எடுத்துக்கொள்வோம். அவற்றைப் பார்க்க ஒரு திரை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 60 மனுக்களின் பட்டியல் இருக்கிறது. மேலே ‘நிலுவையில் உள்ளவை’ என்று ஓர் எண். அதன் பக்கத்தில் ‘கையிருப்புத் தொகை’ என்று இன்னோர் எண். கமிட்டி உறுப்பினர் ஒரு மனுவுக்கு ‘ஒப்புதல்’ என்று அழுத்தினால் மூன்று மாற்றங்கள் நடக்க வேண்டும். அந்த வரியின் நிறம் மாற வேண்டும், நிலுவை எண் ஒன்று குறைய வேண்டும், கையிருப்பில் தொகை கழிய வேண்டும்.

வெறும் ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதினால் இந்த மூன்றையும் எழுதுபவர் தனித்தனியே நினைவில் வைத்துச் செய்ய வேண்டும். பிறகு ‘ஒப்புதலை ரத்து செய்’ என்று ஒரு பொத்தான் சேர்த்தால், மூன்றையும் திருப்பிச் செய்யவும் எழுத வேண்டும். ஏதேனும் ஓர் இடம் விட்டுப்போனால் திரையில் உள்ள கையிருப்பு ஒன்றாகவும் உண்மைக் கணக்கு வேறாகவும் இருக்கும். கணக்குப் பார்ப்பவர்களுக்கு இதன் ஆபத்தைச் சொல்லத் தேவையில்லை.

சட்டகம் இதைத்தான் தீர்க்கிறது. ‘தகவல் இப்படி இருந்தால் திரை இப்படி இருக்க வேண்டும்’ என்ற விதியை ஒரு முறை எழுதிவிட்டால் போதும். தகவல் மாறும்போதெல்லாம் திரையைச் சரிசெய்வது சட்டகத்தின் பொறுப்பு. எல்லாச் சட்டகங்களும் செய்வது இந்த ஒரே வேலையைத்தான். செய்யும் வழிதான் வேறு.

மூன்றும் எப்படி வேறுபடுகின்றன?

ரியாக்ட்: ஃபேஸ்புக் நிறுவனத்தில் ஜோர்டன் வாக் உருவாக்கியது. 2013 மே மாதம் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. தகவல் மாறியதும் திரை எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரியை நினைவகத்தில் புதிதாகத் தயாரிக்கும். பழைய மாதிரியோடு ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களை மட்டும் திரையில் மாற்றும். நம் உதாரணத்தில் அந்த ஒரு வரியும் இரண்டு எண்களும் மட்டுமே மாறும், மற்ற 59 வரிகளும் தொடப்படாமல் இருக்கும். ரியாக்ட் பார்த்துக்கொள்வது திரையை மட்டும்தான். ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது, சர்வரிலிருந்து தகவல் எடுப்பது போன்றவற்றுக்கு வேறு கருவிகளை நாமே தேர்ந்துகொள்ள வேண்டும். கைதேர்ந்தவருக்கு இது சுதந்திரம். புதியவருக்கு இதுவே குழப்பம். வேலை விளம்பரங்களில் அதிகம் காணப்படும் பெயரும் இதுதான்.

ஆங்குலர்: கூகுள் நிறுவனத்துடையது. ரியாக்ட்டில் தனித்தனியே தேடிச் சேர்க்க வேண்டியவை இதில் முதலிலேயே உள்ளடங்கியிருக்கின்றன. பக்க மாற்றம், படிவங்கள், சர்வர் தொடர்பு என எல்லாவற்றுக்கும் வகுக்கப்பட்ட ஒரே முறை உண்டு. டைப்ஸ்கிரிப்ட் என்ற, தகவலின் வகையைக் கறாராகக் குறிப்பிடும் ஜாவாஸ்கிரிப்ட் வடிவத்தில்தான் எழுத வேண்டும். பல பேர் சேர்ந்து பல ஆண்டுகள் பராமரிக்கும் பெரிய பணிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு நல்லது. ஆரம்பத்தில் கற்பது கடினம். நாலு பக்கச் செயலிக்கு இது தேவைக்கு மிஞ்சிய ஏற்பாடு.

வியூ: கூகுளில் பணியாற்றிய ஈவான் யூ என்பவர் 2014-ல் வெளியிட்டது. எந்தத் தகவல் திரையில் எந்த இடத்தில் பயன்படுகிறது என்பதைத் தானே கவனித்து வைத்து, அந்தத் தகவல் மாறும்போது அந்த இடத்தைப் புதுப்பிக்கும். எழுதும் முறை எச்.டி.எம்.எல்.லுக்கு மிக நெருக்கமாக இருப்பதால் எச்.டி.எம்.எல். தெரிந்த பிள்ளைகளுக்கு விரைவில் பிடிபடும். ஏற்கெனவே இருக்கும் ஒரு பக்கத்தின் ஒரு மூலையில் மட்டும் சேர்க்கவும் முடியும். நம் பக்கத்து வேலை விளம்பரங்களில் இதன் பெயர் குறைவாகவே வருகிறது.

இவை தவிர 2011-ல் வந்த எம்பர், 2016-ல் ரிச் ஹாரிஸ் வெளியிட்ட ஸ்வெல்ட் போன்றவையும் உண்டு.

நம் சென்னையில் எது நடப்பில் இருக்கிறது?

இங்கேதான் பெற்றோர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். சென்னையிலிருந்து உலகெங்கும் மென்பொருள் விற்கும் நிறுவனங்களில் இரண்டைப் பார்ப்போம். ஜோஹோ தன் தேவைக்கென லைட் என்ற சட்டகத்தைத் தானே உருவாக்கி வைத்திருக்கிறது. 2010-ல் தொடங்கி 2021-ல் அமெரிக்க நாஸ்டாக் பங்குச் சந்தை வரை போன ஃபிரெஷ்வொர்க்ஸ், தன் ஃபிரெஷ்டெஸ்க் செயலியை எம்பரில் கட்டியது. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் அறிவித்த இணையவழிப் பட்டப்படிப்பில் செயலி உருவாக்கப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டது வியூ. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்து கொடுக்கும் பெரிய நிறுவனங்களிலோ, வாடிக்கையாளர் கேட்பது ஆங்குலரா ரியாக்ட்டா என்பதைப் பொறுத்து அமையும்.

ஒரே ஊரில் இத்தனை சட்டகங்கள். நம் பிள்ளை மூன்று மாதம் ரியாக்ட் மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு இவற்றில் ஒன்றின் வாசலில் நின்றால், உள்ளே இருப்பது வேறொன்றாக இருக்கலாம். அப்போது கைகொடுப்பது எது? எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட்தான்.

காலமும் இதையே சொல்கிறது. 2010-ல் வந்த ஆங்குலர் ஜே.எஸ். ஒரு காலத்தில் எல்லோரும் படித்தது. 2016-ல் கூகுள் அதை அடியோடு மாற்றிப் புதிய ஆங்குலராக வெளியிட்டது. பழையதில் எழுதியது புதியதில் ஓடாது. பழையதற்கான ஆதரவு 2021 டிசம்பர் 31-உடன் முடிந்தது. வியூவின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2023 டிசம்பர் 31-உடன் முடிந்தது. ரியாக்ட்டில் 2019-ல் ஹூக்ஸ் வந்தபின் எழுதும் பாணியே மாறிவிட்டது. இத்தனை மாற்றத்திலும் ஜாவாஸ்கிரிப்ட்டை ஒழுங்காகக் கற்றவருக்குப் புதியதைப் பழகிக்கொள்ளச் சில வாரங்கள் போதுமானவையாக இருந்தன. சட்டகத்தை மட்டும் கற்றவர் மறுபடி கட்டணம் கட்ட வேண்டியதாயிற்று.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். டிராயிங் பார்க்கவும் வெர்னியர், மைக்ரோமீட்டர் பிடித்து அளக்கவும் தெரிந்த டர்னர், எந்தக் கம்பெனி லேத் கொடுத்தாலும் ஓட்டுவார். சி.என்.சி. வந்தபோதும் அவர் பழகிக்கொண்டார். ஒரே மெஷினின் பொத்தான்களை மட்டும் தெரிந்தவர் அந்த மெஷின் போனதும் வெளியே நின்றார். மதரஸாவில் சர்ஃபும் நஹ்வும் ஓதியவர் எந்தக் கிதாபையும் திறந்து வாசிக்க முடிவதும், ஒரு கிதாபின் பொருளை மட்டும் பாடம் செய்தவர் அடுத்த கிதாபில் தடுமாறுவதும் இப்படித்தான்.

எந்தச் சட்டகமும் வேண்டாத இடமும் உண்டு

பள்ளிவாசலின் தொழுகை நேரம், ஜும்ஆ அறிவிப்பு, டிரஸ்ட்டின் ஆண்டுக் கணக்கு போன்றவற்றை வெளியிட இவற்றில் எதுவும் தேவையில்லை. சட்டகம் வைத்தால், பார்ப்பவரின் போனில் முதலில் நிரல் முழுவதும் இறங்கி ஓட வேண்டும். விலை குறைந்த போனும் மந்தமான சிக்னலும் உள்ளவர் மஃரிப் நேரம் தெரிந்துகொள்ளக் காத்திருப்பார். சாதாரண எச்.டி.எம்.எல். பக்கம் உடனே திறக்கும். அடிக்கடி மாறும் தகவல், ஒன்றைத் தொட்டால் பல இடங்களில் மாற வேண்டிய திரை, இந்த இரண்டும் இருந்தால்தான் ஒற்றைப் பக்கச் செயலி. நேர்முகத் தேர்வில் இதைக் காரணத்தோடு சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மதிப்பு உண்டு.

மனு கொடுப்பவர்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, கட்டணம் இல்லாமலே தொடங்குங்கள். ஃபிரீகோட்கேம்ப் தளத்தில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் இலவசம். தமிழக அரசு 2022 மார்ச் 1-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சிகள் இருக்கின்றன. உங்கள் கல்லூரியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். வெளியே சென்று படிக்க வசதிப்படாத சகோதரிகளும் வீட்டிலிருந்தே இந்தக் கட்டத்தை முடித்துவிடலாம்.

இரண்டாவது, மேலே சொன்ன உதவித்தொகைப் பட்டியலைச் சட்டகம் எதுவும் இல்லாமல், வெறும் ஜாவாஸ்கிரிப்ட்டில் செய்து கொண்டுவாருங்கள். 60 வேண்டாம், 10 வரிகள் போதும். ஒப்புதல், ரத்து என்ற இரண்டு பொத்தான்களும் மூன்று மாற்றங்களும் சரியாக நடக்க வேண்டும். கணக்கு எங்கே தப்புகிறது என்பதைக் கையால் செய்து பார்த்தவருக்கே சட்டகத்தின் அருமை தெரியும்.

மூன்றாவது, பிறகு ஒரே ஒரு சட்டகத்தை எடுத்து அதே பட்டியலை மறுபடி செய்யுங்கள். எதை எடுப்பது? உடனடியாக வேலை தேடுபவர் ரியாக்ட் எடுக்கலாம். பெரிய சேவை நிறுவனத்தில் சேரும் வாய்ப்பு கையில் இருப்பவர் அங்கே ஆங்குலர் என்றால் அதையே எடுக்கலாம். தானே சிறு செயலிகள் செய்து கொடுத்துச் சம்பாதிக்க நினைப்பவருக்கு வியூ வசதி. மூன்றையும் ஒரே நேரத்தில் தொட வேண்டாம்.

பயிற்சி நிலையத்தில் கேட்க வேண்டியவை

பணம் கட்டும் முன் பெற்றோர் நேரில் போய்க் கேளுங்கள். மொத்த வகுப்பில் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு எத்தனை வாரம்? சட்டகத்தின் எந்தப் பதிப்பைக் கற்றுக்கொடுக்கிறீர்கள்? கடைசியில் செய்யும் புராஜெக்ட்டை மாணவர் தாமே செய்வாரா, எல்லோருக்கும் ஒரே புராஜெக்ட்டா? கட்டணத்தைத் தவணையில் வாங்குவீர்களா, இடையில் நின்றால் மீதி திரும்புமா? ‘நூறு சதவீத வேலை உறுதி’ என்றால் அதை எழுத்தில் தருவீர்களா? பிள்ளையின் அசல் சான்றிதழ்களை யார் கேட்டாலும் ஒப்படைக்காதீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் ஒரே வாரம், மீதியெல்லாம் ரியாக்ட் என்று பதில் வந்தால் அந்த இடத்துக்கு டிரஸ்ட் பணம் போகாது.

கமிட்டியின் முடிவும் இதுவே. சட்டக வகுப்புக்கான மனுவோடு அந்த ஜாவாஸ்கிரிப்ட் பட்டியலையும் காட்டுபவர்களுக்கு முன்னுரிமை தரப்படும். இன்னும் அந்தக் கட்டத்தை எட்டாதவர்களைத் திருப்பி அனுப்பமாட்டோம். முதல் கட்டத்துக்கு வழிகாட்டி, முடித்ததும் மனுவை மறுபடி எடுத்துக்கொள்வோம்.

பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. ஆவடியிலிருந்தும் திருமுல்லைவாயிலிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் பிள்ளைகள் இனி நகரத்தின் தெற்குக் கோடி வரை தினமும் போய்வரத் தேவையில்லாத காலம் வரலாம், இன்ஷா அல்லாஹ். அந்தக் கட்டடத்தில் நாளை எந்தச் சட்டகம் ஓடினாலும் நம் பிள்ளைகள் உள்ளே போய் உட்காரும் தகுதியோடு இருக்க வேண்டும். அதற்கான அடித்தளத்துக்குத்தான் நம் பணம் முதலில் போக வேண்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியிலும் உழைப்பிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

செயலாளர்