பனியாறும் உறைநிலமும்: ராடாரில் அளக்கும் முறை

கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் கடலுக்குள் இறங்குகிறது சேர்மெக் குயல்லெக் பனியாறு. யாகப்ஸ்ஹாவ்ன் என்ற பெயரும் அதற்கு உண்டு. 2012 கோடையில் நாளொன்றுக்கு 46 மீட்டர் வரை நகர்ந்த பனி அது. ராடார் படங்களோடு பழகத் தொடங்குகிறவர்களுக்கு இந்த இடத்தைத்தான் சொல்வேன். நகர்வு பெரிது என்பதால், எங்காவது பிசகினால் உடனே கண்ணில் படும். குளிர்காலத்தில் அங்கே பல வாரங்கள் சூரியன் உதிப்பதில்லை. ராடார் தன் அலையைத் தானே அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவுசெய்கிறது. இருளோ மேகமோ அதற்குத் தடையில்லை.

தரவைத் தேடும் முன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்புகிறது. அந்த 12 நாளில் நீங்கள் பார்க்கப்போகும் பரப்பு எவ்வளவு நகரும்? பல மீட்டர் என்றால், இரண்டு படங்களையும் துண்டு துண்டாகப் பொருத்தி எது எங்கே போனது என்று தேட வேண்டும். சில சென்டிமீட்டர் என்றால், திரும்பி வரும் அலையின் கட்ட வேறுபாட்டை அளக்க வேண்டும். அலைநீளம் சுமார் 5.5 செ.மீ. அலை போய்த் திரும்புவதால், அந்த வேறுபாட்டை நிறங்களில் காட்டும் படத்தில் வண்ணப்பட்டையின் ஒரு முழுச் சுற்று சுமார் 2.8 செ.மீ. நகர்வைக் குறிக்கும். ஓடும் பனியாற்றில் இரண்டாம் முறையைப் போட்டால் வெறும் புள்ளிக் குழப்பம்தான் மிஞ்சும். சில சென்டிமீட்டரே அசையும் உறைநிலத்தில் முதல் முறையைப் போட்டால் ஒன்றும் தெரியாது. கங்கோத்ரி போன்ற இமயப் பனியாறுகள் ஆண்டுக்குச் சில பத்து மீட்டர்தான் நகர்கின்றன. 12 நாள் இடைவெளி அவற்றுக்குப் போதாது. மலைநிழல் வேறு படத்தை மறைக்கும். அவற்றைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

பனியாற்றுக்கு வருவோம். கோப்பர்னிக்கஸ் தளத்திலோ அலாஸ்கா சாட்டிலைட் ஃபெசிலிட்டியின் தளத்திலோ படங்கள் இலவசம். ஒரே பாதை எண், ஒரே திசைப் பயணம், 12 நாள் இடைவெளி: இப்படி இரண்டு படங்களை எடுங்கள். அலையின் வலிமையை மட்டும் தரும் ஜி.ஆர்.டி. வகை போதும். கிடைமட்டமாக அனுப்பிக் கிடைமட்டமாகவே பெறும் எச்.எச். முனைவாக்கம் நல்லது. பிப்ரவரி அல்லது மார்ச் மாதப் படங்களாக இருக்கட்டும். கோடையில் உருகிய ஈரப்பனி அலையை விழுங்கிவிடும். பரப்பின் தோற்றமும் மாறிப்போவதால் துண்டுகள் பொருந்தாது.

இந்தப் படங்களைக் கையாளும் ஸ்நாப் மென்பொருளும் இலவசம்தான். முதலில் இரு படங்களுக்கும் துல்லியச் சுற்றுப்பாதைக் கோப்பைப் பொருத்துங்கள். படம் எடுத்து ஏறத்தாழ மூன்று வாரம் கழித்தே அது வெளியாகும், ஆகவே நேற்றைய படத்துக்கு அவசரப்பட வேண்டாம். அடுத்து, உயர மாதிரியின் துணையோடு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்த வேண்டும். இங்கே கவனம் தேவை. மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவு வடக்கே 60 பாகையோடு முடிந்துவிடுகிறது. இந்தப் பனியாறோ 69 பாகையில் இருக்கிறது. கோப்பர்னிக்கஸ் 30 மீட்டர் உயர மாதிரியைத் தேர்ந்தெடுங்கள்.

அதன்பின் ஆஃப்செட் ட்ராக்கிங், அதாவது முன்பு சொன்ன துண்டுப் பொருத்தம். பெட்டிகளில் இருக்கும் எண்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். உச்ச வேகம் நாளுக்கு 5 மீட்டர் என்று தொடக்கத்தில் இருக்கும். அதை மாற்றாவிட்டால் பனியாற்றின் நடு ஓட்டம் முழுவதும் வெட்டுப்பட்டுப் போகும். 50 என்று கொடுங்கள். ஒப்பிடும் சாளரம் 128 பிக்சல், அதாவது 10 மீட்டர் பிக்சலில் 1,280 மீட்டர். நாளுக்கு 30 மீட்டர் நகர்ந்தாலும் 12 நாளில் 360 மீட்டர்தான், ஆகவே அது போதும். கடைசியாக, படத்தை வரைபட ஆயங்களில் பொருத்தும் நிலவமைப்புத் திருத்தம்.

வரைபடம் வந்ததும் பனியைப் பார்க்காதீர்கள், ஓரத்துப் பாறையைப் பாருங்கள். அது நகராது, அங்கே ஏறக்குறைய சுழியம் வர வேண்டும். பாறை நாளுக்கு அரை மீட்டர் நகர்வதாகக் காட்டினால், பனியில் நீங்கள் அளந்த எண்ணிலும் அவ்வளவு பிழை இருக்கும். பாறையில் கிடைத்த அந்த எண்ணையும் முடிவோடு சேர்த்தே எழுதுங்கள். அதைச் சொல்லாத வேக வரைபடத்தை நான் நம்பமாட்டேன். இன்னொன்று: குளிர்காலத்தில் முகப்புக்கு அப்பால் மிதக்கும் பனித்துண்டுகள் நெருங்கி இறுகி, பனியாற்றோடு சேர்ந்தே நகரும். அதையும் பனியாறு என்று எண்ணிவிடக் கூடாது.

உறைநிலத்துக்கு அலாஸ்காவின் வடசரிவு ஏற்ற இடம். அடியில் நிலம் என்றும் உறைந்தே கிடக்க, மேலடுக்கு மட்டும் கோடையில் இளகிக் குளிரில் மறுபடி உறைகிறது. நீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பெருப்பதால், தரை சில சென்டிமீட்டர் எழுந்து தாழ்கிறது. இதை அளக்க, அலையின் கட்டத்தையும் வைத்திருக்கும் எஸ்.எல்.சி. வகைப் படம் வேண்டும். கணினி வலுவில்லை என்றால் அலாஸ்கா தளத்தின் ஹைப்3 சேவையிடமே கட்ட வேறுபாட்டுக் கணக்கை ஒப்படைக்கலாம்.

பனி கரைந்தபின் ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை 12 நாள் இணைகளைச் சங்கிலியாகக் கோருங்கள். மூன்று மாத இடைவெளியை ஒரே தாவலில் கடந்தால் பொருத்தம் குலையும். சுழியப் புள்ளியாக ஆற்றோரச் சரளைத் திட்டைக் கொள்ளுங்கள். நீர் வடிந்துவிடுவதால் அங்கே எழுச்சி குறைவு. கிடைப்பது சாய்வுப் பார்வையின் நீளம். செங்குத்தாக்க, படுகோணத்தின் கோசைனால் வகுக்க வேண்டும். காற்றின் ஈரம் ஓர் இணையை மட்டும் கெடுத்துவிடக்கூடும். ஆகவே பல இணைகளிலும் ஒரே திசையில் தொடரும் தாழ்வை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

புதர் மண்டிய இடத்தில் சென்டினல்-1இன் 5.5 செ.மீ. அலைநீளம் தோற்றால், 24 செ.மீ. அலைநீளத்துக்கு மாறுங்கள். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோளில் அந்த அலைநீள ராடார் இருக்கிறது.