தெரிஞ்ச கடை எண்டாலும் பில் கேளுங்கோ

தங்கச்சிமாரே, வெள்ளவத்தையிலயும் கொட்டாஞ்சேனையிலயும் எங்கட ஆக்கள் முன்பின் தெரியாத ஆளிட்டக் காசைத் துலைக்கிறது குறைவு. "எங்கட ஊர்ப் பெடியன்", "மாமி காலங்காலமா எடுக்கிற கடை", "கோயில்ல காணுற ஆள்" எண்டு நம்பி, ஒரு துண்டும் வாங்காமல் காசைக் குடுக்கிற இடத்திலதான் கூடத் துலைக்கிறது. பழகின முகத்தோட சிரிச்சுக் கதையுங்கோ, சுகம் விசாரியுங்கோ. ஆனால் காசு கை மாறேக்க பில் கேக்க வெக்கப்படாதேங்கோ.

காலி வீதிக் கடையொண்டில மிக்சியோ பானோ வாங்கேக்க, "பில் போட்டால் வற் வரும், இல்லாமல் எண்டால் குறைச்சுத் தாறன்" எண்டு மெல்லமாச் சொல்லுவினம். அந்தக் குறைப்புக்கு ஆசைப்பட்டால், பிறகு நியாயம் கேக்கக் கையில ஒண்டும் இராது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தரத்தான் வேணும். அதில கடைப் பேர், திகதி, மொடல், சீரியல் இலக்கம் எல்லாத்தையும் எழுதுவியுங்கோ. "ஒரு வருச வொறண்டி" எண்டு வாயால சொன்னால் அதையும் அதே துண்டில எழுதி, சீல் குத்தச் சொல்லுங்கோ. மெசின் பில்லின்ர எழுத்து கொஞ்ச நாளில மங்கிப்போகும். அண்டைக்கே போனில படம் எடுத்து வையுங்கோ.

ஏன் இவ்வளவு கரைச்சல் எண்டு கேப்பீங்கள். முறைப்பாட்டுக்குக் காலக்கெடு இருக்கு. சாமான் வாங்கின, அல்லது சேவை பெற்ற நாளில இருந்து மூண்டு மாதத்துக்குள்ள நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில குடுக்க வேணும். "அடுத்த கிழமை வாங்கோ, டெக்னீசியன் ஊருக்குப் போட்டார்" எண்டு கடைக்காரர் இழுக்கிறதே இந்த மூண்டு மாதத்தைக் கரைக்கத்தானோ எண்டு எனக்கொரு சந்தேகம்.

சின்னக் காசிலயும் கவனமா இருங்கோ. போத்தல் தண்ணிக்கு 2025 ஏப்ரல் 1 இல இருந்து உச்சபட்ச சில்லறை விலை வந்தது: 500 மில்லிலீற்றர் 70 ரூபா, ஒரு லீற்றர் 100, ஒண்டரை லீற்றர் 130. "பிரிஜ்ஜில வைச்சது" எண்டு சொல்லிக் கூட்டி எடுக்க ஏலாது. கட்டுப்பாட்டு விலைக்கு மேல வித்தால் தனி ஆளுக்கு ஆகக் குறைஞ்சது ஒரு லட்சம், கொம்பனிக்கு அஞ்சு லட்சம் தண்டம் எண்டு 2021 இல சட்டத்தைத் திருத்தினவை. பைக்கற்றில விலைக்கு மேல இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நகத்தால உரிச்சுப் பாருங்கோ. உற்பத்தியாளர் போட்ட லேபிளை மாத்துறதும் மறைக்கிறதும் குற்றம். சாப்பாட்டுக் கடை பில்லில 18 வீதம் வற் போட்டிருந்தால், அதே பில்லில வற் பதிவு இலக்கம் இருக்கோ எண்டு பாருங்கோ. பதியாத கடை வற் அறவிட ஏலாது. சந்தேகம் எண்டால் இறைவரித் திணைக்களத்துக்கு 1944.

இப்ப நகைக்கு வருவம். கலியாண வீடு எண்டால் எல்லாரும் செட்டியார் தெருவுக்குத்தான் இறங்கிறது. அங்க கனக்க நல்ல கடையள் இருக்கு, நான் ஒருத்தரையும் குறை சொல்லேல்லை. பிழை விடுறது பெரும்பாலும் நாங்கள்தான்: அட்டியலின்ர வடிவைப் பாத்திட்டு, மொத்த விலையில எவ்வளவு குறைப்பீங்கள் எண்டு மட்டும் பேரம் பேசுறது. அப்பிடிப் பேசினால் தங்கத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, சேதாரத்துக்கு எவ்வளவு எண்டு உங்களுக்கு விளங்கவே விளங்காது. அண்டைய பவுன் விலையை முதல் கேளுங்கோ, பவுன் எண்டால் எட்டுக் கிராம். கல்லு வைச்ச நகை எண்டால் கல்லின்ர நிறையைக் கழிச்சுத்தான் தங்கத்துக்குக் காசு. கரட், தங்க நிறை, கல் நிறை, கூலி, சேதாரம் ஐஞ்சும் வேற வேற வரியில பில்லில வரவேணும். 22 கரட் எண்டால் நூறில 91.6 பங்கு தங்கம். மனம் ஒப்பாட்டில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில தரத்தைச் சோதிச்சுப் பாக்கலாம். பழைய நகையை மாத்தேக்க "உள்ளுக்குக் கொண்டுபோய் நிறுத்திட்டு வாறன்" எண்டால் விடாதேங்கோ. உங்கட கண்ணுக்கு முன்னால, அளவீட்டுத் திணைக்கள முத்திரை உள்ள தராசில நிறுக்கட்டும்.

போன் வாங்கேக்க சரிபாக்கிறது லேசு. *#06# அடிச்சால் ஐ.எம்.இ.ஐ. இலக்கம் வரும். ஐ.எம்.இ.ஐ. எண்டு ஆங்கிலத்தில எழுதி, ஒரு இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தைப் போட்டு 1909 க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கோ. காசு குடுக்க முதல் அனுப்புங்கோ, பிறகு இல்லை.

வெள்ளவத்தையில பிளற் தேடுற ஆக்கள், பேஸ்புக்கில படம் பாத்து "புக்கிங் காசு" அனுப்பாதேங்கோ. வீட்டை நேர பாருங்கோ, சொந்தக்காரரின்ர அடையாள அட்டையையும், அவரின்ர பேரில உள்ள சோலைவரித் துண்டையும் கேளுங்கோ. அட்வான்ஸ் எவ்வளவு, எப்ப திரும்பும் எண்டது ஒப்பந்தத்தில எழுத்தில இருக்கட்டும். புரோக்கர் "நான் பொறுப்பு" எண்டு சொல்லுறது ஒரு துண்டுக்கும் ஈடாகாது.

வெளிநாட்டு வேலை எண்டு ஆரும் பாஸ்போட் கேட்டால், 1989 க்கு அடிச்சு, அந்த முகவருக்கு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர அனுமதிப்பத்திரம் இருக்கோ எண்டு கேளுங்கோ. "விசிற் விசாவில போங்கோ, அங்க போய் மாத்தலாம்" எண்டவுடன எழும்பி வாங்கோ.

தபால் திணைக்களத்தின்ர பேரில "பார்சல் வந்திருக்கு, சின்னக் கட்டணம் கட்டுங்கோ" எண்டு எஸ்.எம்.எஸ். வந்தால் அந்த லிங்கைத் தொடாதேங்கோ. அது காட் விபரம் களவெடுக்கிற வேலை. காசு வாங்கிறதுக்கு ஓ.டி.பி. தேவையில்லை, ஓ.டி.பி. கேக்கிறவர் உங்கட காசை எடுக்கத்தான் கேக்கிறார். ஏற்கெனவே குடுத்திட்டால் அழுதுகொண்டிருக்காமல் முதல்ல வங்கிக்கு அடிச்சுக் காட்டை நிப்பாட்டுங்கோ. வங்கி சரியாப் பதில் சொல்லாட்டில் மத்திய வங்கியின்ர 1935.

ஆள் சேத்தால் காசு எண்ட திட்டங்கள் இன்னும் மோசம், ஏனெண்டால் அதைக் கொண்டு வாறவ மச்சாளாத்தான் இருப்பா. ஒன்மக்ஸ் டி.ரி., எம்.ரி.எப்.ஈ. போன்றவை பிரமிட் திட்டம் எண்டு மத்திய வங்கி பேர் சொல்லி அறிவிச்சது. வங்கித் தொழில் சட்டத்தின்ர 83இ பிரிவின்படி அதை நடத்திறவர் மட்டுமில்லை, பரப்புறவரும் குற்றவாளி. மச்சாளுக்கு இதைச் சொல்லுங்கோ, கோவிச்சாலும் பரவாயில்லை.

முறைப்பாடு எப்பிடி எண்டால், முதல் கடை முகாமையாளருக்கு எழுத்தில குடுத்துப் பிரதி வையுங்கோ. சரிவராட்டில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின்ர 1977 க்கு அடியுங்கோ, அல்லது பில், வொறண்டி பிரதியளோட அவைக்கு எழுதுங்கோ. விசாரிச்சுப் பாத்து, சாமானை மாத்திக் குடு, காசைத் திருப்பிக் குடு, நட்டஈடு கட்டு எண்டு உத்தரவிட அவைக்கு அதிகாரம் இருக்கு. சிங்களம் சரியா வராது எண்டு பின்வாங்காதேங்கோ. தமிழில எழுதுங்கோ, தமிழும் இந்த நாட்டின்ர அரச கரும மொழி. கடைசியா வாங்கின பெரிய சாமானின்ர பில் எங்க கிடக்குது எண்டு இண்டைக்கே தேடி எடுத்து வையுங்கோ.