விரும்பித்தானே போனாள்?

ஹட்டனில் உள்ள எங்கள் வாப்பாவின் கடைக்குத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா சாமான் வாங்க வருவார். வீட்டு வேலைக்கு வெளிநாடு போனவர், ஏழு மாதத்தில் திரும்பி வந்தார். "அங்கே என்ன தொழில் செய்தாளோ! விரும்பித்தானே போனாள்?" என்று கடையில் சிலர் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். நானும் அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டேன். உயர்தர வகுப்பில் மனித உரிமைகள் பற்றிப் படித்தபோதுதான் அந்தக் கேள்வியே பிழை என்று விளங்கியது.

ஐ.நா.வின் 2000ஆம் ஆண்டு பலெர்மோ நெறிமுறையை இலங்கை 2015இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன்படி ஆட்கடத்தலில் மூன்று கூறுகள் உள்ளன: ஆளைச் சேர்ப்பது அல்லது கொண்டுசெல்வது, அதற்காக ஏமாற்றுவது அல்லது மிரட்டுவது, பாலியல் தொழிலிலோ கட்டாய வேலையிலோ சுரண்டும் நோக்கம். ஏமாற்றிப் பெற்ற சம்மதம் சம்மதமே அல்ல. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால், ஏமாற்றினார்களா என்று பார்க்கவும் தேவையில்லை. 2006இல் திருத்தப்பட்ட நமது தண்டனைச் சட்டக்கோவையிலும் இது குற்றமே.

தரகர்கள் லயத்துக்கே வருகிறார்கள். முற்பணம் கொடுக்கிறார்கள். கடனில் இருக்கும் குடும்பம் நம்பிவிடுகிறது. 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் வேலை செய்த வீட்டில் ஏற்பட்ட தீக்காயங்களால் இறந்தாள். 2022இல், சுற்றுலா விசாவில் ஓமானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இலங்கைப் பெண்கள் பாலியல் சுரண்டலுக்கு உள்ளானதாக வந்த முறைப்பாடுகளைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்தது. இவர்களும் "சரி" என்று சொல்லித்தான் வீட்டைவிட்டுப் புறப்பட்டிருப்பார்கள்.

பாலியல் தொழிலில் இருக்கும் பெண்ணுக்கும் வைத்தியசாலையிலும் பொலிஸிலும் மனித மரியாதை பெறும் உரிமை உண்டு. பெண்களை விபசாரத்துக்கு நிர்ப்பந்திப்பதை அல்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் 33ஆம் வசனம் தடுக்கிறது. நிர்ப்பந்திக்கப்பட்டோருக்கு அது சொல்வது இறைவனின் மன்னிப்பையும் கருணையையும்தான். அவர்களைப் பழிக்க நாம் யார்?

பெற்றோரே, வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து விசாரியுங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்பாதீர்கள். சிறுவர் வேலைக்கு அமர்த்தப்பட்டால் 1929க்கு அறிவியுங்கள்.

அந்த அக்காவுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் எனக்கில்லை. போன வாரம் கடைக்கு வந்தவரிடம், "சுகமா இருக்கீங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் என்னையே பார்த்தார்.

"இருக்கேன் பிள்ள" என்றார்.