உன் ஊர் வானம், என் ஊர் வானம்

அன்புள்ள கயல்,

தொலைநோக்கி உடையாமல் வந்து சேர்ந்தது என்று உங்க அம்மா சொன்னாள். பெட்டியைப் பிரித்த அன்றைக்கே நிலாவைப் பார்த்துவிட்டாயாமே! கேட்டதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. அதை உனக்கு அனுப்பியதற்கு ஒரு காரணம் உண்டு. 2032 நவம்பர் 13, சனிக்கிழமை, புதன் சூரியனின் முகத்துக்கு நேரே ஊர்ந்து போகப்போகிறது. நம் நேரப்படி பகல் பன்னிரண்டேகால் மணி வாக்கில் தொடங்கி, மாலை நாலரை மணிக்குச் சற்றுப் பிறகு முடியும். இதை இடைநகர்வு என்பார்கள். அன்றைக்குக் கோவையில் நீயும் சென்னையில் நானும் பார்க்க வேண்டும்.

ஏன் இரண்டு ஊர்? நவம்பர் எங்களுக்கு மழைக்காலம். வங்கக் கடலில் ஒரு தாழ்வுநிலை வந்தால் மூன்று நாளைக்குச் சூரியனே தெரியாது. உனக்கும் மழை உண்டுதான். ஆனால் இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் மேகம் மூடும் வாய்ப்பு குறைவு.

புதன் நமக்கும் சூரியனுக்கும் நடுவே ஆண்டுக்கு மூன்று முறையாவது வருகிறது. அதன் பாதை நம் பாதைக்கு 7 பாகை சாய்ந்திருப்பதால், பெரும்பாலும் சூரியனுக்கு மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடும். சரியாகக் குறுக்கே போவது நூறு ஆண்டில் 13, 14 தடவைதான். வெள்ளி இன்னும் அபூர்வம். 2004-லும் 2012-லும் வந்தது, இனி 2117-ல்தான். 2012 ஜூன் 6 காலையில் நான் மொட்டைமாடியில் விடியலிலிருந்து காத்திருந்தேன். கிழக்கே முழுக்க மேகம். ஒன்பது மணிக்குமேல் ஒரு விரிசல் விட்டது. வெள்ளைத் தாளில் விழுந்த சூரிய வட்டத்தில் மிளகு போல ஒரு கரும்புள்ளி. பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கூப்பிட ஓடினேன். அவர் மாடிப்படி ஏறி வருவதற்குள் மேகம் மூடிவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

வெள்ளி இடைநகர்வை முதன்முதலில் கண்டவர்கள் என்று நாம் அறிவது இங்கிலாந்தின் இரண்டு இளைஞர்களை. 1639-ல் வெள்ளி சூரியனைத் தொடாமல் போய்விடும் என்று வானியலாளர் கெப்ளரின் கணக்கு சொன்னது. ஜெரமையா ஹாரக்ஸ் அதைத் திருத்திப் போட்டு, நிச்சயம் குறுக்கே போகும் என்று கண்டார். அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டி இருக்கும். கண்டுபிடித்தபோது மிச்சமிருந்தது ஒரு மாதம்தான். உடனே அவர் உட்கார்ந்து கடிதம் எழுதினார்: மான்செஸ்டர் பக்கத்தில் துணி வியாபாரம் செய்த நண்பர் வில்லியம் கிராப்ட்ரிக்கு ஒன்று, லிவர்பூல் பக்கத்தில் இருந்த தம்பிக்கு ஒன்று. என் ஊரில் மேகம் இருந்தால் நீங்களாவது பாருங்கள் என்பதுதான் விஷயம்.

இன்றைய காலண்டர்படி அது டிசம்பர் 4. ஹாரக்ஸ் அறையை இருட்டாக்கி, தாளில் ஆறு அங்குல வட்டம் வரைந்து, தொலைநோக்கி வழியே சூரியனை அதில் விழவைத்தார். பகல் முழுக்க மேகம் வந்து வந்து போனது. மூன்றேகால் மணிக்கு வானம் விலகியபோது வெள்ளி ஏற்கெனவே வட்டத்துக்குள் இருந்தது. சூரியன் மறைய அரைமணிதான் மிச்சம். அதற்குள் மூன்று அளவுகள் எடுத்துவிட்டார். கிராப்ட்ரிக்கும் கடைசி நேரத்தில் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. அவர் பரவசத்தில் அப்படியே நின்றுவிட்டார். தம்பிக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்று பேரில் இரண்டு பேர். இந்தக் கணக்கைத்தான் நான் உன்னிடம் கேட்கிறேன், கயல். அந்த நண்பர்கள் இருவரும் கடிதத்தில் மட்டுமே பழகியவர்கள். கடைசியில் நேரில் சந்திக்க ஒரு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள், 1641 ஜனவரி 3, ஹாரக்ஸ் இறந்துபோனார்.

நம் புதுச்சேரியிலும் ஒருவர் காத்திருந்தார். பிரான்சிலிருந்து வந்த லெ ஜான்தீல். 1761 வெள்ளி இடைநகர்வுக்கு அவர் வந்து சேருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கையில் போய்விட்டது. அன்றைக்கு அவர் நடுக்கடலில்; ஆடும் கப்பலில் அளவெடுக்க முடியவில்லை. எட்டு ஆண்டு இந்தப் பக்கமே தங்கினார். நம்மவரிடம் கிரகணக் கணக்குப் போடும் முறையைக்கூடக் கற்றுக்கொண்டார். அடுத்த இடைநகர்வு 1769 ஜூன் 4. முந்தின இரவு வானம் பளிச்சென்று இருந்தது, விடியும்போது மேகம். இடைநகர்வு முடிந்த பிறகுதான் சூரியன் வெளியே வந்தது. இதை எழுதும்போதே எனக்குக் கை நின்றுவிடுகிறது.

இனி நீ செய்ய வேண்டியது. தொலைநோக்கியில் கண் வைத்துச் சூரியனை ஒருபோதும் பார்க்காதே. ஒரு நொடியில் பார்வை போய்விடும். பக்கத்தில் குறிபார்க்க இருக்கும் சின்னக் குழலை, அதாவது ஃபைண்டரை, மூடிபோட்டு டேப் ஒட்டிவிடு. தாளில் 15 செ.மீ. வட்டம் வரைந்து, கண் வைக்கும் வில்லையான ஐபீஸுக்குப் பின்னால் அட்டையில் குத்தி வை. தொலைநோக்கிக் குழலின் நிழல் எவ்வளவு சிறிதாகிறதோ அவ்வளவு சரியாகக் குறி வைத்திருக்கிறாய். சூரியன் வட்டத்தில் பொருந்தும்வரை அட்டையை முன்னும் பின்னும் நகர்த்து. குழலை அசைக்காமல் விட்டால் பிம்பம் நகரும். முன்னால் போகும் விளிம்பு மேற்கு. புதன் எதிர்ப்பக்கத்தில் நுழையும்.

அது எவ்வளவு பெரிது என்று கேட்பாய். சூரியனின் அகலத்தில் ஏறக்குறைய 190-ல் ஒரு பங்கு. உன் தாளில் ஒரு மில்லிமீட்டர்கூட இராது, கடுகில் பாதி. சூரியப்புள்ளியோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம். சூரியப்புள்ளியைச் சுற்றி மங்கலான ஓரம் இருக்கும். புதன் கச்சிதமான வட்டம், ஒரே கருப்பு, பத்து நிமிடத்தில் இடம் மாறியிருக்கும்.

அதனால் இப்போதே பழகு. இந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சூரியனை நீ அங்கே வரை, நான் இங்கே வரைகிறேன். புள்ளிகளைப் பென்சிலில் குறி, மேற்குக்கு அம்புக்குறி போடு, மணியையும் நிமிடத்தையும் ஓரத்தில் எழுது. மேகமாக இருந்தால் வெறும் வட்டத்தில் ‘மேகம்’ என்று எழுதி அதையும் தபாலில் அனுப்பு.

அன்புடன்,
மாமா